ரகசிய நடவடிக்கையில் பங்கேற்றவர் நூல் எழுதும்போது: எதைச் சொல்வது, யாரிடம் கேட்பது, எங்கே நிறுத்துவது

படையிலிருந்து ஓய்வுபெற்ற ஒருவர் தாம் பங்கேற்ற ரகசிய நடவடிக்கையைப் பற்றி எழுத விரும்புவதில் தவறில்லை. மக்களின் பெயரால், மக்களின் வரிப்பணத்தில், இருட்டில் நடந்த ஒன்றை உள்ளிருந்து பார்த்தவர் சொல்லாவிட்டால், நமக்கு மிஞ்சுவது அரசின் அறிக்கையும் ஊர் வதந்தியும்தான். ஆனால் அந்த அனுபவத்தில் அவருக்கு மட்டுமே பங்கு என்று சொல்லிவிட முடியாது. உடன் சென்றவர்களுக்கும், உயிருடன் திரும்பாதவர்களுக்கும், வழிகாட்டிய உள்ளூர்க்காரர்களுக்கும், நாளை அதே முறையில் வேறோர் இடத்துக்கு அனுப்பப்படவிருக்கும் இளம் வீரர்களுக்கும் அதில் பங்கு உண்டு; அவர்களில் பெரும்பாலோர் கையெழுத்துப் பிரதியைப் படித்து மறுப்புச் சொல்லும் நிலையில் இல்லை. ஆகவே, இந்த வாக்கியத்துக்கு விலை கொடுக்கப்போவது யார் என்பதை ஒவ்வொரு பக்கத்திலும் கேட்டுக்கொண்டே எழுத வேண்டும். கீழே சொல்லப்படுபவை அந்தக் கேள்வியை நடைமுறையில் எப்படிக் கேட்பது என்பதைப் பற்றியவை. எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் அமெரிக்கா, பிரிட்டன் சார்ந்தவை; இத்தகைய நூல்கள் அதிகம் வெளிவந்து நீதிமன்றம்வரை சென்றது அங்கேதான்.

கையெழுத்திட்ட தாள்களைத் தேடி எடுங்கள்

முதல் அத்தியாயத்தை எழுதுவதற்கு முன், பணியில் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வுபெற்ற நாள் வரை எந்தெந்த உறுதிமொழிகளில் கையெழுத்திட்டீர்கள் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். பிரதி கையில் இல்லையென்றால் பழைய அலுவலகத்துக்கு எழுதிக் கேளுங்கள். பணி ஓய்வோடு கடமையும் ஓய்ந்துவிட்டது என்ற எண்ணம் பலரிடமும் உள்ளது. அமெரிக்காவில் ரகசியத் தகவல்களைக் கையாள அனுமதி பெற்ற படைவீரர் கையெழுத்திடும் ஒப்பந்தம் வாழ்நாள் முழுவதும் அவரைக் கட்டுப்படுத்துகிறது. அவர் எழுதுவது பாதுகாப்புத் துறையின் முன்-ஆய்வு அலுவலகத்துக்குச் சென்று அனுமதி பெற்ற பிறகே அச்சுக்குப் போக வேண்டும்.

இதை மீறியதன் விளைவை ‘நோ ஈஸி டே’ என்ற நூலின் கதை காட்டுகிறது. 2011 மே 2 அன்று பாகிஸ்தானின் அபோட்டாபாத் நகரில் ஒசாமா பின் லேடனைக் கொன்ற நடவடிக்கையில் பங்கேற்ற அமெரிக்கக் கடற்படையின் சிறப்புப் படையான சீல் பிரிவின் வீரர் ஒருவர், மார்க் ஓவன் என்ற புனைபெயரில் அதை எழுதி, 2012 செப்டம்பர் 4 அன்று வெளியிட்டார். கையெழுத்துப் பிரதியை அவர் முன்-ஆய்வுக்கு அனுப்பவில்லை. அனுப்பத் தேவையில்லை என்று தம் வழக்கறிஞர் கூறியதை நம்பியதாகப் பின்னர் சொன்னார். நூல் கடைக்கு வருவதற்குச் சில நாள் முன்பே, ஒப்பந்தத்தை மீறிவிட்டீர்கள் என்று பாதுகாப்புத் துறையின் தலைமை வழக்கறிஞரிடமிருந்து கடிதம் வந்தது. 2016 ஆகஸ்டில் வழக்கு சமரசத்தில் முடிந்தபோது, நூலால் ஈட்டிய 66 லட்சம் டாலருக்கும் மேலான தொகையை அரசிடம் ஒப்படைக்க அவர் ஒப்புக்கொண்டார். அனுமதி பெறாத ஸ்லைடுகளைக் காட்டி மேடைகளில் பேசியதற்குப் பெற்ற பணமும் போயிற்று. 2014-இல் வெளியிட்ட இரண்டாம் நூலை அவர் முன்-ஆய்வுக்கு அனுப்பிய பிறகே அச்சிட்டார்.

நூலில் ரகசியம் எதுவுமே இல்லை என்ற வாதமும் காப்பாற்றாது. வியட்நாம் போரின் முடிவில் நேர்ந்த சைகோன் நகர வீழ்ச்சியைப் பற்றி 1977-இல் எழுதிய முன்னாள் சி.ஐ.ஏ. அதிகாரி ஃபிராங்க் ஸ்நெப்பின் நூலில் ரகசியத் தகவல் இருப்பதாக அரசே குற்றஞ்சாட்டவில்லை. ஆயினும், முன்-ஆய்வுக்கு அனுப்பாததே நம்பிக்கை மீறல் என்று கூறி, 1980-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவருடைய வருவாய் முழுவதையும் அரசுக்குச் சேர்த்தது. பிரிட்டனில் 1996 முதல் சிறப்புப் படையினர் ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டியிருந்தது. மறுப்பவர் தம் பழைய படைப்பிரிவுக்குத் திருப்பி அனுப்பப்படுவார். அப்படிக் கையெழுத்திட்ட நியூசிலாந்துக்காரர் ஒருவர், கட்டாயத்தின் பேரில் இட்ட கையெழுத்து செல்லாது என்று வாதிட்டார். அப்போது நியூசிலாந்து வழக்குகளுக்கு இறுதி மேல்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் 2003-இல் அதை ஏற்கவில்லை. நூல் வெளிவந்தது, வருவாய் அரசுக்குப் போனது.

இந்தியாவில் 1923-ஆம் ஆண்டின் அலுவல் ரகசியச் சட்டம் இன்றும் நடப்பில் உள்ளது. வெளிநாட்டு உளவு அமைப்பான ராவில் பணியாற்றிய மேஜர் ஜெனரல் வி.கே. சிங் 2007-இல் அந்த அமைப்பைப் பற்றி நூல் வெளியிட்டதும், சி.பி.ஐ. அவர் வீட்டில் சோதனை நடத்தி அச்சட்டத்தின் கீழ் வழக்குப் பதிந்தது. 2021 மே மாத இறுதியில் மத்திய அரசின் ஓய்வூதிய விதிகள் திருத்தப்பட்டன. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் உள்ள உளவு, பாதுகாப்பு அமைப்புகளிலிருந்து ஓய்வுபெற்றவர்கள், அந்த அமைப்பின் பணி தொடர்பாக எதையும் தலைமையின் முன் அனுமதியின்றி வெளியிடக் கூடாது என்று அத்திருத்தம் சொல்கிறது. மீறினால் பென்ஷனுக்கே ஆபத்து. எல்லைப் பாதுகாப்புப் படை, மத்திய ரிசர்வ் போலீஸ் படை, தேசியப் பாதுகாப்புப் படை ஆகியவை அந்த அட்டவணையில் உள்ளன என்பதால், நம் ஊர்களில் ஓய்வுபெற்று வாழும் பலருக்கும் இது நேரடியாகப் பொருந்தும். பதவி எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் காத்திருப்பு உண்டு: முன்னாள் தரைப்படைத் தலைமைத் தளபதி ஜெனரல் எம்.எம். நரவணேயின் நினைவுக்குறிப்பு 2024-இன் தொடக்கத்தில் வெளிவருவதாக அறிவிக்கப்பட்டு, ஆய்வுக்காக நிறுத்திவைக்கப்பட்டது.

சட்டம் இவ்வளவு சொல்கிறது. சட்டப்படி சரியாக இருந்தும் அறத்தின்படி தவறாக ஒரு நூல் அமையக்கூடும். அதன் மறுதலையும் உண்மை. மீதிப் பக்கங்கள் அதைப் பற்றியவை.

உதவிய உள்ளூர்க்காரரை எப்படி எழுதுவது

எந்த ரகசிய நடவடிக்கையிலும் மிகப் பலவீனமான நிலையில் இருப்பவர் உள்ளூர்க்காரர்தான். படைவீரர் ஹெலிகாப்டரில் ஏறித் திரும்பிவிடுவார். வழி சொன்னவர் அதே தெருவில் வாழ வேண்டும். பின் லேடனைத் தேடியபோது அபோட்டாபாத்தில் தடுப்பூசி முகாம் என்ற பெயரில் சி.ஐ.ஏ.வுக்கு உதவிய பாகிஸ்தானிய மருத்துவர் ஷகீல் அஃப்ரிதியை எடுத்துக்கொள்வோம். 2011 மே மாதமே அவர் கைது செய்யப்பட்டார். அவர் சிறையில் இருந்தபோது, 2012 ஜனவரியில், அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் லியோன் பனெட்டா தொலைக்காட்சி நேர்காணலில் அவர் உதவியதை உறுதிப்படுத்தினார். அவ்வாண்டு மே மாதம் அவருக்கு 33 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. பிறகு அது குறைக்கப்பட்டது. போலியான அந்தத் தடுப்பூசி முகாமின் செய்தி பரவியதும் பாகிஸ்தானில் போலியோ சொட்டுமருந்து ஊழியர்கள்மீது இருந்த சந்தேகம் பெருகியது. 2012 டிசம்பரில் அவர்களில் பலர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இதில் வாய் திறந்தவர் ஓய்வுபெற்ற வீரர் அல்லர், பதவியில் இருந்த அமைச்சர். அதனால் பாடம் மாறிவிடாது: உள்ளே இருந்தவர் உறுதிப்படுத்தும்போது வதந்தி சாட்சியமாகிவிடுகிறது.

பெயரை மாற்றிவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். இது போதாது என்பதைக் கற்பனையான ஒரு பத்தியைக் கொண்டு பார்க்கலாம். “கிராமத்தின் கிழக்கு ஓரத்தில் தகரக் கதவு போட்ட வீட்டில் மூன்று இரவு பதுங்கியிருந்தோம். வீட்டுக்காரர் ஆட்டு வியாபாரி. அவருடைய மூத்த மகன் நகரத்தில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்த்தான். சாலையில் எத்தனை வண்டி போகிறது என்பதை அவன்தான் வந்து சொல்வான்.” இதில் ஒரு பெயர்கூட இல்லை. ஆனால் அந்த ஊரில் பிறந்த எவரும், கிழக்கு ஓரம், தகரக் கதவு, ஆட்டு வியாபாரம், மருந்துக்கடை என்ற நான்கையும் சேர்த்துப் பார்த்தால் ஒரே ஒரு வீட்டு வாசலில்தான் போய் நிற்பார். நூல் ஆங்கிலத்தில் வந்தால் அந்த ஊருக்கு எட்டாது என்பதும் இன்று செல்லாது. சுவையான பக்கத்தைக் கைப்பேசியில் படமெடுத்து மொழிபெயர்த்து அனுப்ப ஒரு நாள் போதும்.

இங்கே செய்யக்கூடாத ஒன்று உண்டு. ஆட்டு வியாபாரியைத் தையற்காரர் என்று மாற்றி எழுதுவது பாதுகாப்பானதாகத் தோன்றும். அந்த ஊரின் கிழக்கு ஓரத்தில் உண்மையாகவே ஒரு தையற்காரர் இருந்தால், ஒன்றும் அறியாத அவர் மாட்டிக்கொள்வார். ஆகவே விவரத்தை மாற்றுவதைவிட நீக்குவது நல்லது. “எங்களுக்கு இடம் கொடுத்தால் என்ன நேரும் என்பதை நன்கு அறிந்த ஒரு குடும்பம் எங்களைத் தங்கவைத்தது” என்ற ஒரே வாக்கியம் அவர்களின் துணிவையும் உங்கள் நன்றியையும் சொல்லிவிடும். எழுத்தின் உயிர் நுணுக்கத்தில் இருக்கிறது என்று பதிப்பாசிரியர் வற்புறுத்துவார், அது உண்மையும்கூட. அந்த நுணுக்கத்தை உங்கள் பயத்தை, உங்கள் பசியை, நீங்கள் எடுத்த தவறான முடிவை எழுதும்போது செலவிடுங்கள். அவை உங்களுடையவை, அவற்றுக்காக வேறு யாரும் தண்டிக்கப்பட மாட்டார்கள்.

முறைகளும் கருவிகளும்

இது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, ஏனெனில் முன்-ஆய்வில் முதலில் வெட்டப்படுபவை இவைதான். எந்தத் திசையிலிருந்து நுழைந்தோம், கதவை எப்படித் திறந்தோம், தொடர்புக்கு எதைப் பயன்படுத்தினோம், எவ்வளவு நேரத்தில் துணைப்படை வரும் என்பவை கதைக்குச் சுவை சேர்க்கும். எதிரில் இருப்பவருக்கோ அவை அடுத்த முறைக்கான தயாரிப்புக் குறிப்புகள். ‘இணையத்தில் ஏற்கெனவே வந்துவிட்டது’ என்பது அடிக்கடி கேட்கும் சமாதானம். பத்து இடங்களில் பத்து விதமாக வந்த ஊகங்களில் எது சரி என்பதை, அங்கே இருந்த ஒருவர் ஒரே வரியில் சொல்லிவிடுகிறார். சிதறிக் கிடக்கும் துண்டுகளை வரிசைப்படுத்திக் கொடுப்பதும் வெளிப்படுத்துவதே.

இறந்த தோழரைப் பற்றிய பக்கங்கள்

எதிர்த்துப் பேச முடியாதவரைக் குறை சொல்வது போன்ற எளிய காரியம் வேறில்லை. 1991 ஜனவரியில், வளைகுடாப் போரின்போது, பிரிட்டனின் எஸ்.ஏ.எஸ். என்ற சிறப்புப் படையைச் சேர்ந்த எட்டு பேர் கொண்ட ‘பிராவோ டூ ஜீரோ’ குழு ஈராக்கின் மேற்குப் பாலைவனத்தில் இறக்கப்பட்டது. மூவர் இறந்தார்கள், நால்வர் பிடிபட்டார்கள், ஒருவர் நடந்தே சிரியாவை அடைந்தார். குழுத் தலைவர் ஆண்டி மெக்நாப் என்ற புனைபெயரில் 1993-இலும், தப்பி வந்தவர் கிறிஸ் ரயன் என்ற புனைபெயரில் 1995-இலும் எழுதினார்கள். கடுங்குளிரில் இறந்த ஒரு சார்ஜெண்டின் நடத்தையே குழுவுக்குப் பாதகமானது என்ற எண்ணம் இரண்டாவது நூலைப் படித்தவர்கள் மனத்தில் பதிந்தது. அவருடைய குடும்பத்தார் பல ஆண்டுகள் அதை மறுத்துப் போராட வேண்டியிருந்தது. முன்பு சொன்ன நியூசிலாந்துக்காரரும் அதே குழுவில் இருந்தவர்தான். அவர் நூல் அந்தச் சார்ஜெண்டுக்காகப் பேசியது. அரசு தடுக்க முயன்ற நூலே இறந்தவரின் பெயரைக் காக்க முன்வந்தது என்பதை நினைத்துப் பார்த்தால், ‘எதையும் எழுதாதே’ என்ற விதியும் தன்னளவில் நேர்மையானதன்று என்பது புரியும்.

ஆகவே, இறந்தவரைப் பற்றிய பக்கங்களை அச்சுக்கு முன் அவர் குடும்பத்தாரிடம் காட்டுங்கள். அவர்களுக்கு வெட்டும் உரிமை கொடுக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் தம் பிள்ளை இறந்த கடைசி மணி நேரத்தை முதன்முறையாகப் பேருந்து நிலையத்துப் புத்தகக் கடையில் நின்றுகொண்டு படிக்கும் நிலைக்கு எந்தத் தாயும் ஆளாகக் கூடாது. இறந்தவர் தவறு செய்தார் என்பது உண்மையாகவே கதைக்கு இன்றியமையாதது என்றால், அதே நாளில் நீங்களும் மற்றவர்களும் செய்த தவறுகளை அதே அளவு வெளிச்சத்தில் எழுதுங்கள். நீங்கள் நேரில் கண்டது எது, பிறர் சொல்லக் கேட்டது எது என்பதையும் பிரித்துச் சொல்லுங்கள்.

நினைவைப் பற்றியும் இங்கே எச்சரிக்கை தேவை. அபோட்டாபாத் வீட்டின் மேல் மாடியில் நடந்ததை, அங்கே சென்ற இருவர் பொதுவெளியில் விவரித்திருக்கிறார்கள். பின் லேடனை வீழ்த்தியது யாருடைய குண்டு என்பதில் இரண்டும் பொருந்தவில்லை. அச்சமும் இருட்டும் அவசரமும் சேர்ந்த சில நொடிகளை எவரும் முழுதாக நினைவில் வைத்திருக்க முடியாது. உடன் இருந்தவர்களில் இருவரிடமாவது கேட்டு ஒப்பிடுங்கள், ஒப்பாத இடத்தை ஒப்பவில்லை என்றே எழுதுங்கள்.

முன்-ஆய்வுக்கு அனுப்புவதும் எதிர்த்து வாதிடுவதும்

கையெழுத்துப் பிரதியை முதலில் பார்க்க வேண்டியது ஆய்வு அலுவலகம். பதிப்பாளர், முகவர், உடன் எழுதும் பத்திரிகையாளர் ஆகியோருக்கு ரகசியத் தகவல்களைப் பார்க்கும் அனுமதி கிடையாது என்பதால், அவர்களிடம் முன்கூட்டியே காட்டுவதும் சொல்வதும் அமெரிக்காவில் தனியான மீறலாகவே கருதப்படும். அச்சில் வருவதற்கு முன் எப்போது அனுப்பினாலும் சரி என்பது இதனால்தான் தவறு. முழு நூலையும் ஒரே தடவையில், படங்களோடும் பின்னிணைப்போடும் நன்றியுரையோடும் அனுப்புங்கள். மாதக்கணக்கில் காத்திருக்க நேரும் என்பதால், பதிப்பாளருடன் ஒப்பந்தம் செய்யும்போது வெளியீட்டுத் தேதியைத் திறந்து வையுங்கள்.

ஆய்வாளர் சொல்வதெல்லாம் சரி என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆப்கானிஸ்தானில் பணியாற்றிய அமெரிக்க ராணுவ லெப்டினன்ட் கர்னல் ஆண்டனி ஷாஃபர் தம் நூலை முறைப்படி தரைப்படையின் ஆய்வுக்குக் கொடுத்து அனுமதியும் பெற்றார். அச்சான பிறகு 2010-இல் பாதுகாப்பு உளவு அமைப்பு மறுப்புத் தெரிவித்தது. பாதுகாப்புத் துறை ஏறத்தாழ 9,500 பிரதிகளை விலைகொடுத்து வாங்கி அழித்தது. வரிகள்மீது கறுப்பு மை பூசிய இரண்டாம் பதிப்பு வெளிவந்தது. ஆனால் முதல் பதிப்பின் சில பிரதிகள் ஏற்கெனவே வெளியே போயிருந்தன. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தவர்களுக்கு, எதை மறைக்க அரசு விரும்பியது என்ற பட்டியலே கிடைத்துவிட்டது. மறைக்கப்பட்டவற்றுள் ஏற்கெனவே பலரும் அறிந்த செய்திகளும் இருந்தன.

வெட்டப்பட்ட ஒவ்வொரு வரிக்கும் எழுத்துப்பூர்வமான காரணம் கேளுங்கள். அந்தக் காரணத்தை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள்: இது வெளியானால் ஓர் உயிருக்கோ நடைமுறையில் உள்ள ஒரு முறைக்கோ ஆபத்தா, அல்லது ஓர் அதிகாரிக்கோ துறைக்கோ தலைகுனிவா? முதலாவதற்கு மறுபேச்சில்லாமல் பணியுங்கள். இரண்டாவதை எதிர்த்து மேல்முறையீடு செய்யுங்கள், தேவையானால் நீதிமன்றம் செல்லுங்கள். பொதுவெளியில் கிடைக்கும் அரசு ஆவணத்திலேயே அந்தச் செய்தி உள்ளது என்று பக்கத்தோடு காட்ட முடிந்தால் உங்கள் வாதம் வலுப்பெறும்.

குற்றத்தை நேரில் கண்டவர்

பொதுமக்களோ கைதிகளோ கொல்லப்பட்டதைக் கண்டவரின் நிலை வேறு. அங்கே மௌனம்தான் விளக்கம் கேட்கப்பட வேண்டியது. 1969 பிப்ரவரியில் வியட்நாமின் தான் ஃபோங் கிராமத்தில் சீல் குழு ஒன்று நடத்திய இரவு நடவடிக்கையில் பெண்களும் குழந்தைகளும் இறந்தார்கள். குழுத் தலைவர் பாப் கெர்ரிக்கு அதற்காக வெண்கல நட்சத்திர விருது கிடைத்தது. விருதுக் குறிப்பில், அமெரிக்காவை எதிர்த்துப் போரிட்ட வியட்காங் போராளிகள் 21 பேர் கொல்லப்பட்டதாக இருந்தது. பின்னாளில் செனட்டரான அவர் 2001-இல்தான், பத்திரிகையாளர்கள் தோண்டி எடுத்த பிறகு, இறந்தவர்கள் பொதுமக்கள் என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். எப்படி இறந்தார்கள் என்பதில் அவர் சொன்னதும் குழுவில் இருந்த இன்னொருவர் சொன்னதும் கடுமையாக முரண்பட்டன. முப்பதாண்டுகளுக்கு மேலாக அந்தக் கிராமத்தாரின் சொல்லுக்கு யாரும் காது கொடுக்கவில்லை.

இத்தகையவற்றை விற்பனை நூலில் முதன்முதலாகச் சொல்வதைவிட, விசாரணை அமைப்பிடமோ சட்டமன்றக் குழுவிடமோ வழக்கறிஞர் துணையோடு சாட்சியம் அளிப்பதே முறை என்பது என் கருத்து; நூலில் மட்டும் வந்தால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதை வியாபாரம் என்று எளிதில் ஒதுக்கிவிடுவார். அந்த வழியும் எளிதானதில்லை என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆஸ்திரேலியச் சிறப்புப் படையினர் ஆப்கானிஸ்தானில் 39 பேரைச் சட்டத்துக்குப் புறம்பாகக் கொன்றதற்கு நம்பத்தகுந்த தகவல் இருப்பதாக 2020 நவம்பரில் வெளியான பிரெரட்டன் அறிக்கை கூறியது. ஆனால் அந்த விவகாரத்தில் முதலில் சிறைத்தண்டனை பெற்றவர், ஆவணங்களைச் செய்தியாளரிடம் கொடுத்த ராணுவ வழக்கறிஞர் டேவிட் மெக்பிரைட். 2024 மே மாதம் அவருக்கு 5 ஆண்டு 8 மாதத் தண்டனை விதிக்கப்பட்டது. உள்வழிகள் அனைத்தையும் முயன்று, எழுத்தில் பதிவு செய்து, அவை மூடப்பட்ட பிறகு ஒருவர் வெளியே பேசினால், அவரைப் பணத்துக்காக எழுதியவரோடு ஒரே தட்டில் வைக்கக் கூடாது.

பணமும், ‘மேலே இருப்பவர்கள் மட்டும் எழுதலாமா’ என்ற கேள்வியும்

வருவாயை இறந்த வீரர்களின் குடும்ப நிதிக்குக் கொடுப்பதாக அறிவிப்பது இந்த நூல்களில் வழக்கமாகிவிட்டது. ‘நோ ஈஸி டே’யின் ஆசிரியரும் அவ்வாறு அறிவித்தார், சீல் வீரர்களின் குடும்பங்களுக்கு உதவும் ஓர் அறக்கட்டளை அந்தப் பணத்தை ஏற்கமாட்டோம் என்று சொல்லிவிட்டது. கொடுக்க நினைப்பவர் அறிவிப்பதற்கு முன் பெறுபவரிடம் கேட்க வேண்டும். இறந்தவரின் பெயர் அட்டையில் விளம்பரமாவதை அவர்கள் விரும்பாதிருக்கலாம்.

1991 வளைகுடாப் போரில் பிரிட்டிஷ் படைகளுக்குத் தலைமை தாங்கிய, முன்பு எஸ்.ஏ.எஸ். தளபதியாகவும் இருந்த பீட்டர் டி லா பிலியேர் 1992-இலேயே நூல் எழுதினார். தளபதி எழுதலாம், சார்ஜெண்ட் எழுதக் கூடாதா என்று வீரர்கள் கேட்டது நியாயமான கேள்வி. அமைச்சர்கள் நேர்காணலில் வாய்தவறும்போது பென்ஷன் யாருக்கும் நிற்பதில்லை. அந்த அநீதியை எதிர்த்துப் பேசுங்கள், எல்லோருக்கும் ஒரே விதி வேண்டும் என்று கேளுங்கள். ஆனால் ஆட்டு வியாபாரியின் வீட்டைக் காட்டிக்கொடுப்பதற்கு அந்த அநீதியைக் காரணமாகச் சொல்ல முடியாது.

அச்சுக்குப் போகும் முன்பும், போன பின்பும்

புனைபெயரை நம்பி எதையும் எழுதாதீர்கள். மார்க் ஓவனின் உண்மைப் பெயர் நூல் வெளிவருவதற்கு முன்பே தொலைக்காட்சியில் வந்துவிட்டது. எழுதியவர் யார் என்று தெரிந்ததும், அவரோடு சென்றவர்கள் யார் என்பதைத் தேடுவது கடினமில்லை. குழுப் புகைப்படங்களில் உயிருடன் உள்ள ஒவ்வொருவரிடமும் எழுத்தில் சம்மதம் பெறுங்கள். முகத்தை மட்டும் மறைத்தால் போதாது, கையில் குத்திய பச்சை, பின்னால் தெரியும் மலை, சட்டையில் உள்ள பட்டை ஆகியவையும் ஆளையும் இடத்தையும் சொல்லிவிடும். பணிக்காலத்துப் படங்களும் கோப்புகளும் வீட்டுக் கணினியில் இருந்தால், அவற்றை வைத்திருக்கவே உங்களுக்கு உரிமை உண்டா என்பதை வழக்கறிஞரிடம் கேளுங்கள். நன்றியுரையில் பட்டியலிடும் பெயர்களை ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள்.

நூல் வந்த பிறகு நேர்காணல்கள் வரும். அனுமதி பெற்ற பக்கங்களில் உள்ளதற்கு மேல் ஒரு சொல்லும் உங்கள் வாயிலிருந்து வராமல் இருக்க, எந்தக் கேள்விகள் எழும் என்பதை முன்கூட்டியே எழுதி வைத்துப் பதில்களைப் பழகிக்கொள்ளுங்கள். தொகுப்பாளர் நட்பாகவும் விடாமலும் கேட்பார். அது அவர் வேலை. “அதைப் பற்றி நான் பேச முடியாது” என்று சொல்லிவிட்டு, அடுத்த கேள்விக்குக் காத்திருங்கள்.